விதைநெல்லைத் தொடாத மனுஷங்க

பசியில சாகக் கிடக்கிற ஒரு மனுஷனைச் சுற்றி ஆயிரக்கணக்கான பொட்டலம் அரிசி இருந்தால் அவன் என்ன செய்வான்? எடுத்துத் தின்பான். நீங்களும் தின்பீங்க, நானும் தின்பேன். அதில் தப்பு சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆனால் 1941ஆம் வருஷக் குளிர்காலத்தில் ரஷ்யாவின் லெனின்கிராடு நகரத்தில் சில பேர் அப்படி எடுத்துத் தின்னவில்லை. நெல், கோதுமை, கடலை, ஓட்ஸ் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் அடுக்கியிருக்க, பட்டினியாலேயே செத்துப் போனாங்க. அவங்க சாமியாரும் இல்லை, போர்வீரரும் இல்லை. விதைகளைச் சேர்த்துவைக்கும் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவங்க. இந்தக் கதையை முதலில் படித்தபோது ரெண்டு நாள் எனக்கு அதே நினைப்பாக இருந்தது. விவசாயி என்கிற முறையில் எனக்கு இதில் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு. அதான் எழுதுறேன்.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு நெல் என்றால் ஒண்ணுதான். எங்களுக்கு அது மூணு. விக்கிற நெல், சாப்பாட்டு நெல், விதைநெல். மூணும் ஒரே வயல்ல விளைஞ்சதுதான். ஆனால் விதைநெல் என்று ஒதுக்கிவிட்டால் அதோடு அது வேறு பொருள். அந்தக் காலத்தில் நல்லா முத்தின கதிராகப் பார்த்து, தனியா அடித்து, காயவைத்து, வைக்கோல் பிரிக்குள்ளே வைத்துச் சுற்றி, மேலே சாணி மெழுகிக் கோட்டை கட்டுவாங்க. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத நாளிலும் கோட்டையைப் பிரிக்க மாட்டாங்க. கடன் வாங்குவாங்க, அண்டாவை அடகு வைப்பாங்க, கிழங்கு தோண்டித் தின்பாங்க. கோட்டை பிரிகிறது நாத்தங்காலுக்கு மட்டும்தான்.

இது எங்க ஊர் வழக்கம் மட்டுமில்லை. உலகத்தில் எங்கெல்லாம் மனுஷன் விதைத்து வாழ ஆரம்பித்தானோ அங்கெல்லாம் இந்த ஒரு விதி இருந்திருக்கும். இல்லாவிட்டால் விவசாயமே நிலைத்திருக்காது. சுமார் பத்தாயிரம் வருஷமாக ஒவ்வொரு தலைமுறையும் பசித்த வயிற்றோடு கொஞ்சம் தானியத்தை மிச்சம் வைத்ததால்தான் இன்றைக்கு நமக்குச் சோறு. அந்தப் பழைய விதிக்கு வந்த மிகப் பெரிய சோதனை லெனின்கிராடில் நடந்தது.

அந்த விதைகளை அங்கே சேர்த்தவர் பெயர் நிகோலாய் வவிலோவ். 1887இல் மாஸ்கோவில் பிறந்தவர். அவர் காலத்து ரஷ்யாவில் பஞ்சம் என்பது அடிக்கடி வந்துபோகும் விருந்தாளி. 1921-22இல் வோல்கா ஆற்றுப் பக்கம் வந்த பஞ்சத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். பஞ்சத்தையும் குளிரையும் நோயையும் தாங்குகிற பயிர் வேண்டும், அதற்கான குணம் உலகத்தில் எங்கோ ஒரு மூலையில், ஏதோ ஒரு குடியானவன் வீட்டு விதையில் இருக்கும், அதைத் தேடிப் போக வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

தேடிப் போகவும் செய்தார். ஈரான், பாமிர் மலை, 1924இல் ஆப்கானிஸ்தான், அடுத்து மத்தியதரைக் கடல் நாடுகள், எத்தியோப்பியா, ஜப்பான், கொரியா, பிறகு மெக்சிகோ, தென்னமெரிக்கா. குதிரையிலும் கோவேறு கழுதையிலும் மலை ஏறிப் போய், சந்தையிலும் களத்துமேட்டிலும் கைப்பிடி கைப்பிடியாக விதை வாங்கினார். அவரும் அவருடைய ஆட்களும் சேர்த்த மாதிரிகள் 1940 வாக்கில் சுமார் 2 லட்சம். அந்த நாளில் உலகத்தில் வேறெங்கும் அவ்வளவு பெரிய விதைச் சேமிப்பு கிடையாது.

அலைந்த அலைச்சலில் அவர் கண்ட ஒரு விஷயம் முக்கியமானது. ஒரு பயிரில் எந்தப் பகுதியில் ரக வேறுபாடு அதிகமாக இருக்கிறதோ, பெரும்பாலும் அதுதான் அந்தப் பயிரின் தாய் ஊர் என்று சொன்னார். நம்ம பக்கத்துக் கணக்கில் சொன்னால், ஒரு வம்சம் எந்த ஊரில் ரொம்பக் காலமாக இருக்கிறதோ அங்கேதான் பங்காளி வகையறா அதிகமாக இருக்கும். பிழைக்கப் போன ஊரில் ரெண்டு குடும்பம்தான் இருக்கும். பயிரும் அப்படித்தான். 1926இல் இதை எழுதி வெளியிட்டார். மக்காச்சோளத்துக்கு மெக்சிகோ பக்கம், உருளைக்கிழங்குக்கு ஆண்டிஸ் மலை என்று அவர் குறித்த இடங்களில் இந்தியாவும் உண்டு. நெல், கத்தரி, வெள்ளரி, மா எல்லாவற்றையும் நம்ம பக்கத்துக் கணக்கில்தான் எழுதினார். பின்னால் வந்தவங்க சில இடங்களைத் திருத்தியிருக்காங்க. ஆனால் விதை தேடப் போகிறவங்க எங்கே போகணும் என்று வழி காட்டியது அந்தக் கணக்குதான்.

இவ்வளவு செய்தவருக்கு அவர் நாடு என்ன செய்தது தெரியுமா? அந்த நேரத்தில் ட்ரோஃபிம் லைசென்கோ என்று ஒருத்தர் ஸ்டாலினுக்கு நெருக்கமானார். கோதுமை விதையை நனைத்துக் குளிரில் வைத்து விதைத்தால் போதும், விளைச்சல் சீக்கிரமே பெருகும் என்றார். மரபணு என்பதே பொய் என்றார். வவிலோவ் வழியில் ஒரு புது ரகம் உருவாக்கப் பல வருஷம் ஆகும். ஆட்சியில் இருக்கிறவங்களுக்கு அந்தப் பொறுமை ஏது? அடுத்த அறுவடையிலேயே தருகிறேன் என்றவர் பேச்சு எடுபட்டது. 1940 ஆகஸ்டில் மேற்கு உக்ரைனில் செடிகள் சேகரித்துக்கொண்டிருந்த வவிலோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உளவாளி, விவசாயத்தைக் கெடுத்தவர் என்று குற்றச்சாட்டு. 1941 ஜூலையில் மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதைச் சிறைத் தண்டனையாக மாற்றினார்கள்.

அதே 1941 செப்டம்பர் 8ஆம் தேதி ஜெர்மன் படை லெனின்கிராடைச் சுற்றி வளைத்துவிட்டது. முற்றுகை 872 நாள் நீடித்தது. ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தின் ஓவியங்களை அதற்கு முன்பே ரயிலேற்றிப் பத்திரமான ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். நகரத்து நடுவில், செயின்ட் ஐசக் சதுக்கத்தில் இருந்த விதை நிலையத்துக்கு அந்த மாதிரிக் கவனிப்பு கிடைக்கவில்லை. ஓவியத்தின் விலை எல்லாருக்கும் தெரியும். ஒரு பொட்டலம் விதையின் விலை யாருக்குத் தெரியும்?

நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை அந்த நகரத்தில் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் ரொட்டி. மற்ற எல்லாருக்கும், குழந்தைகளுக்கும், 125 கிராம். அதுவும் சுத்த மாவு இல்லை. மரக்கூழையும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கையும் கலந்து சுட்டது. நாங்க மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்குங்க அது. முற்றுகை முடிவதற்குள் பட்டினியாலும் குளிராலும் செத்தவங்க ஆறு லட்சத்துக்கும் மேல்.

விதை நிலையத்தில் கரண்ட் இல்லை, சூடேற்ற விறகு இல்லை. உருளைக்கிழங்கு உறைந்தால் முளைப்பு செத்துவிடும். அதனால் கிடைத்த மரத்துண்டு, குப்பை எல்லாவற்றையும் எரித்து நிலவறையில் அதைக் காப்பாற்றினார்கள். எலி வேறு படை படையாக வந்தது. அறைகளைப் பூட்டி, முறை வைத்துக் காவல் காத்தார்கள். அந்த நிலையத்தில் நெல்லைக் கவனித்தவர் டிமிட்ரி இவானோவ். சுற்றிலும் சில ஆயிரம் பொட்டலம் நெல் இருக்க, பட்டினியால் செத்தார். நிலக்கடலையைக் கவனித்த அலெக்சாண்டர் ஷ்சுகின், வேலை செய்த மேஜையிலேயே உயிரை விட்டார். ஓட்ஸைக் கவனித்த லிலியா ரோடினா என்ற பெண்ணும் போனார். இன்னும் பலர்.

கடலை என்கிற இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். கோதுமையை அரைக்கணும், நெல்லைக் குத்திப் பொங்கணும். கடலைக்கு அது எதுவும் வேண்டாம். தோலை உடைத்து வாயில் போட்டால் சாப்பாடு. எண்ணெயும் சத்தும் நிறைந்தது. ஒரு கை கடலை ஒரு நாளைத் தள்ளிவிடும். அது மேஜை மேலே இருக்க, ஒருத்தர் அப்படியே சாய்ந்திருக்கிறார்.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்காமல் போகக் கூடாது. ஊரே பட்டினியில் சாகும்போது விதையைப் பூட்டிவைத்தது நியாயமா? தெருவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்களே, எடுத்துக் கொடுத்திருக்கக் கூடாதா? நல்ல மனசுள்ள எவனும் கேட்பான்.

களத்துமேட்டுக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். அங்கே சாப்பிடக்கூடிய விதை 10 டன் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 125 கிராம் வீதம் பங்கு போட்டால் 80 ஆயிரம் பங்கு. முற்றுகை தொடங்கும்போது நகரத்தில் இருந்தவங்க சுமார் 25 லட்சம். அப்படியென்றால் முப்பது பேரில் ஒருத்தருக்கு, ஒரே ஒரு நாளைக்கு. அதோடு பத்தாயிரம் வருஷத்து விதை காலி. ஊருக்கு அதனால் ஒரு விடியலும் வந்திருக்காது.

ஆனால் இந்தக் கணக்கு ஊருக்குத்தான். அந்த அறையில் இருந்த பத்து, இருபது பேருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவங்களுக்கு அந்தப் பொட்டலங்கள் முழுசாக ஒரு குளிர்காலத்துச் சாப்பாடு. தின்றிருந்தால் பிழைத்திருப்பாங்க. சில ஆயிரம் பொட்டலத்தில் நாலு குறைந்தது யாருக்குத் தெரியப்போகிறது? அதனால் அவங்க செய்ததை நான் கணக்கு என்று சொல்ல மாட்டேன். கணக்குக்கு அப்பாற்பட்ட ஒண்ணு. இது என்னுடையது இல்லை, நான் இதுக்குக் காவல்காரன் என்ற நினைப்பு. கோட்டை கட்டிவைத்த எங்க பாட்டிகளுக்கும் அந்த நினைப்புத்தான் இருந்தது. படிப்பு வேறு, தேசம் வேறு, நினைப்பு ஒண்ணு.

இதற்கு நேர் எதிராக நம்ம ஊரிலேயே ஒரு கதை உண்டு. பெரியபுராணத்தில் இளையான்குடி மாறநாயனார் கதை. தானம் செய்தே வறுமைக்கு வந்த குடியானவர். மழை ராத்திரியில் பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். வீட்டில் குன்றிமணி அரிசி இல்லை. அன்று பகலில் விதைத்த நெல் முளை வயலில் மிதக்கும், அதை வாரி வந்தால் சமைக்கலாம் என்று மனைவி சொல்கிறாள். இருட்டில் மழையில் போய் விதைநெல்லை வாரிக்கொண்டு வருகிறார். விறகு இல்லாமல் கூரை வரிச்சையே அறுத்துப் போடுகிறார். அந்த நெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கி, கொல்லையில் சரியாக வளராத கீரையைப் பறித்துக் கறியாக்கிப் படைக்கிறார்கள்.

அப்போ விதைநெல்லைத் தின்னலாமா? எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தச் செயல் ஏன் நாயன்மார் வரிசையில் ஏறியது? விதைநெல்லைத் தொடக் கூடாது என்ற விதி அவ்வளவு கெட்டியாக இருந்ததால்தான். சாதாரணமாகச் செய்கிற காரியத்துக்கு யாரும் புராணம் பாட மாட்டாங்க. இன்னொண்ணும் இருக்கு. மாறனார் தன் பசிக்கு அதை எடுக்கவில்லை, வந்தவர் பசிக்கு எடுத்தார். லெனின்கிராடு ஆட்களும் தன் பசிக்கு எடுக்கவில்லை. அவங்களுக்கு முன்னால் நின்ற விருந்தாளி யார் என்றால், இன்னும் பிறக்காத பிள்ளைகள். ரெண்டும் ஒரே அறத்தின் ரெண்டு பக்கம் என்று எனக்குப் படுகிறது.

சரி, ஒரு பொட்டலம் விதைக்கு அவ்வளவு மதிப்பா என்று கேட்கலாம். நெல்லிலேயே ஒரு உதாரணம் இருக்கு. 1966இல் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. விளைச்சல் மூட்டை மூட்டையாக வந்தது. அதை ஒட்டி வந்த குட்டை ரகங்களும் ஆசியா முழுக்கப் பரவின. எல்லா வயலிலும் ஒரே சாதிப் பயிர் என்றால் பூச்சிக்கும் நோய்க்கும் கொண்டாட்டம். 1970களில் புகையான் பூச்சி பரப்பிய ஒரு குட்டை நோய் பல நாடுகளில் நெல்லைத் தாக்கியது. அந்த நிலையத்தில் சேர்த்துவைத்திருந்த 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். நோயைத் தாங்கும் குணம் ஒரே ஒரு மாதிரியில்தான் கிடைத்தது. அது நம்ம உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு காட்டு நெல். ஒரைசா நிவாரா என்று பெயர். பயிரிடுகிற நெல்லே இல்லை, களை மாதிரித் தானா முளைக்கிற புல். அதை ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர்.36 ரகம் 1976இல் வந்து கோடிக்கணக்கான வீட்டு அடுப்பை அணையாமல் காத்தது. அந்தக் காட்டு நெல்லைச் சேகரித்தவருக்கு அது ஒரு நாள் இப்படி உதவும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

நம்ம டெல்டாவிலும் இந்தக் கதை நடந்திருக்கு. ஆடுதுறை 27, ஐ.ஆர்.8 எல்லாம் வந்தபிறகு பழைய ரகங்கள் ஒவ்வொண்ணாக வயலை விட்டு வெளியேறின. மடுமுழுங்கி, குழியடிச்சான், களர்ப்பாலை, காட்டுயானம். பேரிலேயே அதன் வேலை இருக்கும். தண்ணி தேங்கும் மடுவுக்கு ஒண்ணு, களர் நிலத்துக்கு ஒண்ணு. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் கடல் தண்ணி ஏறி வயல் உப்பாகிப் போனபோது, வேண்டாம் என்று விட்ட இந்த மாதிரி ரகங்களைத்தான் தேடினாங்க. அதற்குள் பல ரகம் போன இடம் தெரியவில்லை. ஊர் ஊராக அலைந்து 150க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டு, ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, ரெண்டு கிலோ வாங்கிப் போனால் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடு என்று விவசாயிகளிடம் பரப்பியவர் நெல் ஜெயராமன். 2018 டிசம்பரில் அவர் காலமானார். குதிரை இல்லாமல் அவர் செய்ததும் வவிலோவ் வேலைதான்.

வவிலோவ் என்ன ஆனார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. லெனின்கிராடில் அவருடைய ஆட்கள் விதைக்குக் காவல் இருந்த அதே காலத்தில், அவர் சரடோவ் ஊர்ச் சிறையில் இருந்தார். ஒரு காலத்தில் அதே ஊரில் பேராசிரியராக இருந்தவர். 1943 ஜனவரி 26ஆம் தேதி, சிறையில் சாப்பாடு இல்லாமல் உடம்பு நலிந்து செத்தார். ஜனங்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று உலகம் சுற்றியவர், பட்டினியிலேயே போனார். சரியாக ஒரு வருஷமும் ஒரு நாளும் கழித்து, 1944 ஜனவரி 27இல், முற்றுகை முழுசாக நீங்கியது. 1955இல் அவர் மேல் போட்ட குற்றம் பொய் என்று அரசே தண்டனையை ரத்து செய்தது. இப்போது அந்த நிலையத்துக்கு அவர் பெயர்தான். காப்பாற்றிய விதைகளிலிருந்து போருக்குப் பிறகு புது ரகங்கள் உருவாகி வயலுக்கு வந்தன.

இன்றைக்கு நார்வே நாட்டுப் பனிமலைக்குள் ஸ்வால்பார்டில் ஒரு பெரிய விதைக் கிடங்கு இருக்கு. 2008இல் திறந்தாங்க. சிரியா போரில் அலெப்போ பக்கம் இருந்த விதை வங்கியில் வேலை செய்ய முடியாமல் போனபோது, 2015இல் அங்கேயிருந்துதான் விதையைத் திருப்பி எடுத்தாங்க. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விவசாயியாக எனக்கு ஒரு குறை உண்டு. பனிக்குள் இருக்கும் விதை உயிரோடு இருக்கும், ஆனால் எதையும் கத்துக்காது. வயலில் வருஷா வருஷம் விதைக்கிற நெல்தான் மாறுகிற மழையையும் புதுப் பூச்சியையும் பார்த்துப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். கிடங்கும் வேணும், வயலும் வேணும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. லெனின்கிராடில் விதை பிழைத்தது, அதைத் தின்னாமல் இருந்ததால். இங்கே நம்ம வயலில் அது பிழைக்கணும் என்றால் நீங்கள் அதைத் தின்னணும். வாங்குகிற ஆள் இல்லாத ரகத்தை எந்த விவசாயியும் ரெண்டாவது வருஷம் விதைக்க மாட்டான். பிடிவாதத்துக்கு அரைக்கால் ஏக்கரில் போடலாம், அவ்வளவுதான். எல்லா மளிகைக் கடையிலும் ஒரே மாதிரி வெள்ளை வெளேர் என்று ரெண்டு மூணு ரகம் மட்டும் விற்றால், எங்க வயலிலும் ரெண்டு மூணு ரகம்தான் இருக்கும்.

அதனால் மாசத்துக்கு ரெண்டு கிலோ, தூயமல்லியோ கருங்குறுவையோ மாப்பிள்ளைச் சம்பாவோ, உங்களுக்குத் தெரிந்த விவசாயியிடம் கேட்டு வாங்கிச் சமைத்துப் பாருங்க. வேக நேரம் கொஞ்சம் கூட ஆகும். முந்தின ராத்திரி ஊறப்போட்டால் சரியாகிடும். வாங்கும்போது ரகத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்க. பேர் சொல்லிக் கேட்கிற ஆள் இருக்கிற வரைக்கும் அந்த விதையை எடுத்துவைக்க எங்க பக்கமும் ஆள் இருக்கும்.